நாலாவது கேன்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் மூன்று தடவை கேட்டுவிட்டார். கவிதை எழுத நம் வகுப்பிலேயே பதினாறு பேர் இருக்கிறார்கள். (அதில் பதினைந்து பேருக்கு ஒரே தலைப்பு. எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை!) எனக்கு அது வராது. அதனால் போன மே மாத விடுமுறையில் நான் ஒரு லாரியைக் கொதிக்க விட்ட கதையை எழுதித் தருகிறேன். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு உபயோகப்படும். மற்ற பிரிவு நண்பர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பதற்காகவாவது படிக்கலாம்.

நாமக்கல்லில் பட்டறைக்குக் குறைவே இல்லை. பாடி கட்டுகிற பட்டறை, டிங்கர் பட்டறை, ரேடியேட்டர் மட்டும் பார்க்கிற பட்டறை என்று ரோட்டின் இரண்டு பக்கமும் இருக்கும். என் அப்பா முட்டை லோடு ஏற்றுகிற வேலைக்குப் போகிறவர். லாரிக்காரர்கள் எல்லாரையும் அவருக்குத் தெரியும். "லீவுல சும்மா சுத்திட்டிருக்கானுங்க, கூட வெச்சுக்கங்க" என்று இன்ஜின் வேலை பார்க்கிற ஒரு மேஸ்திரியிடம் என்னை விட்டுவிட்டு வந்தார். மேஸ்திரி ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். என் பெயரை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. "டேய் டிப்ளமோ, அந்த ஸ்பேனரை எடு." "டிப்ளமோ, டீ வந்திருச்சா பாரு." அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் ஒரு ஆறு சக்கர வண்டி வந்தது. சொந்த வண்டி, ஓனரே டிரைவர். ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே மேலே போகிற ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தது. அன்றைக்கு மேஸ்திரி வேறொரு இன்ஜினில் கழுத்து வரைக்கும் இருந்தார். "ஹோஸ் மாத்தோணும், தண்ணி ஊத்தோணும். பாத்துக்குவியா டிப்ளமோ?" என்றார்.

"பாத்துக்கறேனுங்க" என்றேன். ஏன் சொல்ல மாட்டேன்? கூலிங் சிஸ்டம் என்றால் எனக்குப் பத்து மார்க் கேள்வி. ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஃபேன் எல்லாம் படம் போட்டு, தண்ணீர் போகிற வழிக்கு நீலப் பென்சிலில் அம்புக்குறி போட்டு ஒன்பது மார்க் வாங்கியவன் நான்.

ரேடியேட்டருக்குக் கீழே உள்ள டேப்பையும் இன்ஜின் பிளாக்கில் உள்ள டேப்பையும் திறந்து தண்ணீரை இறக்கினேன். கூலன்ட் கலந்த தண்ணீர், கொட்டக் கூடாது என்று அஞ்சு லிட்டர் கேன்களில் பிடித்தேன். ஹோஸ் வெடித்தபோது போனது போக, டிரைவர் வழியில் ஊற்றிக் கொண்டு வந்ததையும் சேர்த்து நாலு கேன் வந்தது. புது ஹோஸைப் போட்டு கிளிப்பை டைட் வைத்தேன். பிறகு புனலை வைத்துக் கடகடவென்று ஊற்றினேன். மூன்று கேன் போயிற்று. ரேடியேட்டர் கழுத்து வரைக்கும் தண்ணீர் நின்றது. நாலாவது கேன் அப்படியே மீந்துவிட்டது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா நண்பர்களே? மிச்சம்தானே, லாபம் என்று நினைத்தேன். கேனை மூலையில் வைத்தேன். இன்ஜினை ரெண்டு நிமிஷம் ஓட விட்டு ஒழுக்கு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. மூடியைப் போட்டேன். வண்டி போயிற்று. அன்று சாயங்காலம் அந்த வண்டியில் பெங்களூருக்கு முட்டை லோடு ஏற்றியவர்களில் என் அப்பாவும் ஒருவர். அது எனக்கு அப்போது தெரியாது.

ராத்திரி பத்து மணி சுமாருக்கு மேஸ்திரிக்கு போன் வந்தது. தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. கொதிக்கிறது. மேஸ்திரி என்னை வரச் சொல்லிவிட்டுப் பட்டறையைத் திறந்தார். சாமான்களை வேனில் எடுத்துப் போடும்போது அவர் கண் மூலைக்குப் போயிற்று.

"அந்தக் கேன் எந்த வண்டிதுடா?"

சொன்னேன். "அதையும் எடுத்துக்க" என்றார். சேலம், ஓமலூர் தாண்டித் தொப்பூர் போகிற வரைக்கும் வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

தொப்பூரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்குகிற வண்டிகளுக்குத்தான் அது ஆபத்தான இடம் என்று பேர். ஆனால் ஏறுகிற வண்டிக்கும் அது ஒரு பரீட்சை. லோடோடு சின்ன கியரில் ஏறும்போது இன்ஜின் முழுப் பலத்தையும் கொடுக்கிறது. வண்டியின் வேகமோ நடை வேகம். எதிர்க்காற்று கிடையாது. கூலிங் சிஸ்டத்தில் ஒரு குறை இருந்தால் அது சமவெளியில் ஒளிந்துகொள்ளும், ஏற்றத்தில் வெளியே வந்துவிடும்.

டிரைவர் அண்ணன் சக்கரத்துக்குக் கல் வைத்து, பின்னால் மரக்கிளை ஒடித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "படிச்ச பையன்னு விட்டீங்களே மேஸ்திரி! முட்டைங்க அது! இந்த நடை வாடகை வந்தாத்தான் மாசத்து டியூவே கட்டோணும்!" மேஸ்திரி எனக்காகப் பேசவில்லை. "மீட்டர் எவ்வளவு காட்டுச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"அதான் கொடுமை. மீட்டர் பாதியைத் தாண்டவே இல்ல. இழுவை கொறஞ்சுது. என்னடான்னு எறங்கிப் பாத்தா கீழ தண்ணியா ஊத்துது, ஆவி அடிக்குது. உடனே ஆஃப் பண்ணிட்டேன்."

"ஆஃப் பண்ணதுதான் புண்ணியம்" என்றார் மேஸ்திரி.

நான் ஒரு துணியை எடுத்துக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். மேஸ்திரி என் கையைப் பிடித்து இழுத்தார். தன் வலது கைச் சட்டையை முழங்கைக்கு மேலே ஏற்றி டார்ச் அடித்துக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் சுருங்கி வழுவழுவென்று இருந்தது. "உன் வயசுல தொறந்தேன்."

மூடி வெறும் மூடி இல்லை. உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அழுத்தத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ கூடுதல் அழுத்தம் இருந்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 120 டிகிரி வரைக்கும் தாங்கும். இது பாடத்தில் இருக்கிறது. சூடான நேரத்தில் மூடியைத் திறந்தால் அழுத்தம் போய், 100 டிகிரிக்கு மேலே இருக்கிற தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும் என்பதும் அதிலிருந்தே தெரிய வேண்டும். எனக்கு அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். அப்போதுதான் மேஸ்திரி பேச ஆரம்பித்தார்.

"நாலு கேன் எறக்கின. மூணு கேன் ஊத்தின. மீதி எடத்துல என்னடா இருக்கும்?"

"காத்துங்க."

"காத்து எங்க போயி உக்காரும்?"

"மேலங்க. ஹெட்டுக்குள்ள."

"அங்கதான் சூடு அதிகம். அங்கதான் தண்ணி வேணும்."

என் நீலப் பென்சில் படத்தில் தண்ணீருக்கு அம்புக்குறி உண்டு. காற்றுக்கு ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. யோசித்துப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடேறும்போது எவ்வளவு வெப்பத்தை வாங்கிக்கொள்கிறதோ, அதே ஒரு லிட்டர் காற்று அதில் மூவாயிரத்தில் ஒரு பங்குகூட வாங்குவதில்லை. எக்ஸாஸ்ட் வால்வுக்குப் பக்கத்தில் ஒரு காற்றுப் பை உட்கார்ந்துகொண்டால் அந்த இடத்து இரும்புக்கு யாரும் இல்லை. அங்கே ஹெட் கேஸ்கட் போகும், ஹெட்டில் விரிசல் விழும். வாட்டர் பம்ப்புக்குள் காற்று புகுந்தால் அது சும்மா சுழலும். தண்ணீரைத் தள்ளத்தான் அந்த இறக்கைகள், காற்றைப் பிடித்து அவற்றால் தள்ள முடியாது.

மீட்டர் ஏன் பொய் சொன்னது? சென்சாரின் முனை தண்ணீரில் முங்கியிருந்தால்தான் தண்ணீரின் சூட்டைச் சொல்லும். மேஸ்திரி சொன்னபடி ஹெட்டின் மேலே இருந்த சென்சாரை மெதுவாகத் தளர்த்தினேன். சொட்டுத் தண்ணீர் வரவில்லை. உஸ்ஸென்று காற்றுதான் வந்தது. நான் விட்டுவைத்த காற்று.

ஏர் எடுக்கிற வேலை ஆரம்பித்தது. வண்டி ஏற்றத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது நமக்கு வசதி. ரேடியேட்டர் வாய் எல்லாவற்றுக்கும் மேலே வந்துவிடுகிறது, காற்று அந்தப் பக்கம் ஏறி வரும். பட்டறையில் இதற்காக முன் சக்கரத்தைக் கட்டை மேல் ஏற்றுவார்களாம். இந்தத் தடவை புனல் கிடையாது. ஒரு சொம்பு. "சொம்பு சொம்பா ஊத்து. ஊத்திட்டு நில்லு. அது மூச்சு விடட்டும்." தெர்மோஸ்டாட் விளிம்பில் ஒரு பொடி ஓட்டையும் அதில் ஆடுகிற ஒரு குட்டி ஊசியும் இருக்கும். நான் அதைக் கழன்றுபோன ரிவிட் என்று நினைத்திருந்தேன். இன்ஜின் குளிர்ந்து தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது உள்ளே இருக்கிற காற்று வெளியேற இருக்கிற வழி அந்த ஓட்டைதான். அது நிதானமாகத்தான் விடும். நான் கடகடவென்று ஊற்றினால் அது என்ன செய்யும்?

(நடுவில் டிரைவர் அண்ணன், "அந்தத் தெர்மோஸ்டாட்டையே கழட்டி வீசிருங்க மேஸ்திரி, எல்லாரும் அப்படித்தான் ஓட்டறாங்க" என்றார். நிறைய வண்டிகளில் இது நடக்கிறது. என்னைக் கேட்டால் தப்பு. இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் ஓடித் தேயும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்தான் பைபாஸ் வழியை அடைக்கிறது. அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிக்கொண்டிருக்கும். குளிரும் என்று கழற்றியது கொதிக்க வைக்கும்.)

சென்சார் ஓட்டையில் முதலில் காற்று, பிறகு நுரை, பிறகு குமிழியில்லாத தண்ணீர் நூல் மாதிரி வந்தது. சென்சாரை டைட் வைத்தேன். மூடி திறந்தபடியே இன்ஜினை ஐடிலில் போட்டோம். மேல் ஹோஸைக் கையால் பிசைந்து பிசைந்து விட்டால் தங்கின காற்றும் வரும். குளுக் குளுக்கென்று வந்தது. தண்ணீர் மட்டம் இறங்க இறங்க ஊற்றினேன். நாலாவது கேனில் பாதி போய்விட்டது. எனக்கு உயிர் வந்தது.

ஆனால் குமிழி நிற்கவில்லை.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. வந்துகொண்டே இருந்தது. தங்கின காற்று என்றால் தீர வேண்டுமே? மேஸ்திரி குனிந்து முகர்ந்து பார்த்தார். ஆயில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தார், ஆயில் பால் மாதிரி வெளுக்கவில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. இருந்தாலும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஹெட் கேஸ்கட் போயிருக்கும். சிலிண்டர் காத்து தண்ணியில வருது. ஹெட்டு எறக்கோணும்."

டிரைவர் அண்ணன் அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஹெட்டு இறக்குவது என்றால் அந்த இடத்தில் ஆகாது. முட்டையை வேறு வண்டிக்கு மாற்ற வேண்டும், இந்த வண்டியைக் கட்டி இழுக்க வேண்டும், பிறகு செலவு. கொதிக்க விட்டது யார்? நான். என் விடுமுறைச் சம்பளம் அந்தச் செலவுக்கு ஒரு மூலைக்குக் காணாது. மேஸ்திரி என்னிடம் கேட்க மாட்டார். அப்பாவிடமும் கேட்க மாட்டார். ஆனால் அப்பா கொடுக்காமல் இருக்க மாட்டார். நான் பம்பரமாய்ச் சுற்றுகிற ஃபேனையும் ரேடியேட்டர் வாயையும் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அப்போது வண்டிக்குக் கீழே "புஸ்ஸ்" என்று சத்தம் வந்தது. குமிழி நின்றது.

தற்செயல் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, டிரைவர் அண்ணன் கேபினில் ஏறி ஏதோ எடுக்கும்போது பிரேக்கை மிதித்திருப்பார் போல. குமிழி மறுபடி வந்தது. மறுபடி "புஸ்". மறுபடி நின்றது.

"மேஸ்திரி... புஸ்ஸுனு விட்டா குமிழி நிக்குதுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு டிரைவரிடம், "பிரேக்கை நல்லா பத்து தடவ மிதிங்க" என்றார். மிதித்தார். கேபினில் ஏர் மீட்டர் இறங்கியது. ரேடியேட்டரில் குமிழி பொங்கியது. ஏர் மீட்டர் ஏழு எட்டு கிலோவுக்கு ஏறினதும் "புஸ்". தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆயிற்று. மூன்று தடவை செய்து பார்த்தோம். மூன்று தடவையும் அதே.

லாரியில் பிரேக்குக்குக் காற்று அடிக்க ஒரு கம்ப்ரசர் உண்டு. இன்ஜினோடு சேர்ந்தே ஓடும். காற்றை அழுத்தினால் சூடாகும் அல்லவா? அதனால் நிறைய வண்டிகளில் கம்ப்ரசர் ஹெட்டுக்கும் இன்ஜின் தண்ணீரையே ஒரு சின்ன ஹோஸில் அனுப்புகிறார்கள். இந்த வண்டியும் அப்படித்தான். அந்தக் கம்ப்ரசர் ஹெட்டின் கேஸ்கட் போனால் பிரேக்குக்குப் போக வேண்டிய காற்று தண்ணீருக்குள் வரும். டேங்க் நிறைந்ததும் அன்லோடர் வால்வு காற்றை வெளியே விட்டுவிடும், கம்ப்ரசரில் அழுத்தம் இருக்காது, குமிழியும் நிற்கும். இன்ஜின் ஹெட் கேஸ்கட் போயிருந்தால் பிரேக்கை மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் குமிழி வந்துகொண்டேதான் இருக்கும்.

மேஸ்திரி அதோடு விடவில்லை. கம்ப்ரசருக்குப் போகிற தண்ணீர் ஹோஸையும் திரும்பி வருகிற ஹோஸையும் கழற்றி, ஒரு துண்டுக் குழாயால் இரண்டையும் ஒன்றாக இணைத்தார். தண்ணீர் கம்ப்ரசருக்குப் போகாமல் சுற்றி வந்துவிடும். சில நிமிஷம் மட்டும் இன்ஜினை ஓட்டிப் பார்த்தார். எத்தனை தடவை பிரேக்கை மிதித்தும் ஒரு குமிழி வரவில்லை.

"மேல் ஹோஸு ஏன் வெடிச்சுதுன்னு அன்னிக்கே கேட்டிருக்கோணும்" என்றார். ஒரு கிலோ அளவுக்குத் தாங்குகிற இடத்தில் ஏழு எட்டு கிலோக் காற்று கசிந்துகொண்டே இருந்தால் மூடி எவ்வளவுதான் வெளியே விடும்? "நானும் கேக்கல. நீயும் கேக்கல." பிறகு, நான் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பார் போல. "அதுக்காக மூணு கேன் ஊத்துனது சரியாயிடாது டிப்ளமோ" என்றார்.

விடிந்ததும் டிரைவர் அண்ணன் பஸ் ஏறித் தர்மபுரி போய் கம்ப்ரசர் கேஸ்கட் செட் வாங்கி வந்தார். ஹெட்டைக் கழற்றினால், பழைய கேஸ்கட்டில் தண்ணீர் ஓட்டைக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு விரல்நக அகலத்துக்குக் கருகிப் போயிருந்தது. இவ்வளவுதான். மேஸ்திரி ஹெட்டின் முகத்தில் ஸ்கேலை நிறுத்தி, வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். வளைவு இல்லை. இந்த வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது.

"எல்லாத் தண்ணியும் எறக்கு. மொதல்லேருந்து ஊத்து. நான் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு மரத்தடியில் போய் உட்கார்ந்தார்.

கொதித்தபோது போன தண்ணீருக்குப் பதிலாகக் கூலன்ட் கலந்து வைத்தோம். நாலு கேன், ஒரு சொம்பு. சென்சாரைத் தளர்த்தி வைத்தேன். சொம்பு சொம்பாக ஊற்றினேன். ஒன்று முடிந்தது, இரண்டு, மூன்று. கழுத்து வரைக்கும் தண்ணீர் நின்றது. பட்டறையில் நின்ற அதே இடம். நான் நின்றேன். தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியது. இன்னொரு சொம்பு. மறுபடி நின்றேன். சென்சார் ஓட்டையில் நூல் மாதிரித் தண்ணீர் வந்ததும் அதை மூடினேன். இன்ஜினைப் போட்டு, ஹோஸைப் பிசைந்து, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் கையில் சுடுகிற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுக்கச் சொல்லி, இறங்கின அளவுக்கு ஊற்றினேன். நாலாவது கேனைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன். மேஸ்திரி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஆறின பிறகு ஒரு தடவை மட்டம் பார்க்கச் சொன்னார். அரைச் சொம்பு பிடித்தது.

(2020-லிருந்து வருகிற பி.எஸ். 6 வண்டிகளில் தனியாக எக்ஸ்பான்ஷன் டேங்க் இருக்கிறது, காற்று தானாக அதற்குப் போக மெல்லிய குழாய் இருக்கிறது, இந்தத் தொல்லை குறைவு என்கிறார்கள். இருக்கட்டும். ஊற்றினதை எண்ண அதில் எந்தக் குழாயும் கிடையாது.)

மதியத்துக்குள் வண்டி ஏற்றம் ஏறிவிட்டது. டிரைவர் அண்ணன் என்னிடம் எதுவும் பேசவில்லை. சாயங்காலம் ஓசூரிலிருந்து மேஸ்திரிக்கு போன் செய்து, "மீட்டர் பாதியிலதான் நிக்குது, தண்ணி மட்டமும் பாத்துட்டேன், அந்தப் பையங்கிட்டயும் சொல்லிருங்க" என்றாராம்.

ராத்திரி வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"அந்த வண்டி முட்டை போயிச் சேந்துச்சா?"

"சேந்துருச்சுங்கப்பா."

"ஒடசல்?"

"ரெண்டு அட்டையாம்."

"பரவால்ல" என்றார் அப்பா. "ரெண்டு அட்டை எப்பவும் ஒடையும்."